மூலை சேராத பட்டைகள்

கான்ட்ராக்டர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தியபோது என் வீட்டில் தரை போட்டு முடிந்திருந்தது, சுவருக்கு வர்ணமும் அடித்தாகியிருந்தது. மிச்சம் இருந்தவை ஸ்கர்ட்டிங்கும் கார்னிஸும்தான். சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடுகிற மரப்பட்டை ஸ்கர்ட்டிங். மேலே, சுவரும் கூரையும் சந்திக்கிற இடத்தை மறைத்துக்கொண்டு சாய்வாக ஓடுகிற வளைவுப் பட்டை கார்னிஸ். இரண்டுக்குமான நீளநீளமான பைன் மரப் பட்டைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரவேற்பறையின் நடுவில் படுக்க வைத்துவிட்டு அவர் காணாமல் போய்விட்டார். முதலில் சில நாள் 'நாளைக்கு ஆள் வரும்' என்று செய்தி அனுப்பினார். அப்புறம் அதுவும் நின்றது. வேறு ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இன்னொருவர் விட்டுப் போன வேலையைத் தொட யாருக்கும் மனமில்லை, அதிலும் இவ்வளவு சின்ன வேலை. ஒருவர் மட்டும் வந்து கூரையை நிமிர்ந்து பார்த்து, "இப்பல்லாம் யாரு மேடம் கார்னிஸ் போடறாங்க?" என்று கேட்டுவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு போனார்.

வீடு குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அரசாங்க அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறது. கல்யாணம் ஆகாதவர்கள் தனியாக இப்படி ஒரு வீடு வாங்க முப்பத்தைந்து வயது ஆக வேண்டும் என்பது இங்கே விதி. நான் அதற்கு மேலும் சில வருடங்கள் அம்மாவின் கண்ணீரைச் சமாளித்துவிட்டுத்தான் வாங்கினேன். அதுவரை தோ பாயோவில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள் என்று எல்லோரோடும் இருந்தேன். நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பகல் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் நின்று, அடுத்தவர் தோளையும் முழங்காலையும் இந்தப் பக்கம் திருப்புங்கள், அந்தப் பக்கம் சாய்த்து வையுங்கள் என்று சொல்லுகிற வேலை. சொந்தமாக ஒரு வீடு வந்தால் அதன் ஓரங்கள் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. கார்னிஸ் அந்த ஆசையில் வந்ததுதான். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதற்கு ஒரு காரணம் கேட்டார்கள். வீடு வாங்கியதற்கும் அப்படித்தான் கேட்டார்கள்.

நானே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இணையத்தில் ஒருவர் ஊரை விட்டுப் போவதற்கு முன் தன் மைட்டர் சாவை விற்றார். அது ஒரு சின்ன மேசையின் மேல் தலையைக் குனிந்து நிற்கிற வட்ட ரம்பம். மேசையைத் திருப்பினால் கோணம் மாறும். பின்பக்கம் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. மரத்தை அதில் சாய்த்துப் பிடித்து ரம்பத்தை இறக்கினால் வேண்டிய கோணத்தில் வெட்டு விழும். இரண்டு பட்டைகளின் முனையை நாற்பத்தைந்து பாகையில் வெட்டிச் சேர்த்தால் ஒரு மூலை. காணொளிகளில் அப்படித்தான் காட்டினார்கள். ஒரே வெட்டு, அப்படியே போய் ஒட்டிக்கொள்கிறது, பின்னணியில் இசை ஓடுகிறது.

வாங்கிய ரம்பத்தின் பிளேடு மழுங்கியிருந்தது. மரத்தை வெட்டாமல் பிய்த்தது. பல் நெருக்கமாக உள்ள பிளேடு வாங்குவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்படியே ஜாலான் புசாருக்கு நடந்தேன். ஹார்ட்வேர் கடையில் இருந்த சீன முதலாளி என் பையில் நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். யாருக்கு பிளேடு, கணவருக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஆபத்தான மிஷின், கணவரை வரச் சொல், நான் விளக்குகிறேன் என்றார். கணவர் இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, அப்பாவை வரச் சொல் என்றார். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது என்பதை அந்த நெரிசலில் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. பிளேடைக் கையில் எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தேன். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார், விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

எங்கள் புளோக்கில் ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓட்டக் கூடாது. மற்ற நாள்களிலும் மாலை ஐந்து மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். எனக்கு வார நாளில் ஒரு நாள் விடுப்பு வரும். அந்த நாள்களில் படுக்கையறை ஸ்கர்ட்டிங்கை முடித்தேன். முதல் மூலையிலேயே தெரிந்துவிட்டது, காணொளியில் வந்த வீடுகளின் சுவர் வேறு, என் வீட்டுச் சுவர் வேறு. நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று வெட்டி வைத்தால் முன்பக்கம் விரல் நகம் போகிற அளவு வாய் திறந்து நின்றது. கோணம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தேன். தொண்ணூறு இருக்க வேண்டிய மூலை தொண்ணூற்றிரண்டு இருந்தது. இன்னொன்று எண்பத்தெட்டு. ஒவ்வொரு மூலையையும் தனியாக அளந்து, பாதியாக்கி, அதற்கேற்ப மேசையைத் திருப்பி வெட்ட வேண்டியிருந்தது. இரண்டு பட்டைகள் வீணாயின. மூன்றாவது மூலையிலிருந்து கை பிடிபட்டது. அந்தச் சின்ன அறையில் நான்கு மூலையும் சேர்ந்ததும் தரையில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் அம்மாவிடம் போனில் சொன்னதுதான் தப்பாகப் போனது.

அம்மா அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சனிக்கிழமை காலை தன் கருவிப்பெட்டியோடு வந்து நின்றார்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது பெரியவர். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். மேற்பார்வை என்றால் பெரும்பாலும் கணினி முன்னால் உட்கார்ந்து ஆட்களின் முறைநேரம் போடுவது. ஆனால் வீட்டில் பல்பு மாற்றுவதிலிருந்து எல்லாம் அவர்தான் செய்வார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"மிஷின் எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"அண்ணே, நான் ரூம முடிச்சிட்டேன். வந்து பாருங்க."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். நீ தள்ளு, கை கிய் போயிடப் போவுது. ஆஸ்பத்திரில வேலை பாக்கற, உனக்குத் தெரியாதா?"

என் கண்ணாடியை, தூசிக்குப் போடுகிற கண்ணாடியை, அவர் மாட்டிக்கொண்டார். என் ரம்பத்தின் முன்னால் அவர் உட்கார்ந்தார். நான் பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்த மூலை தொண்ணூறு இல்ல அண்ணே. அளந்து வச்சிருக்கேன், சுவர்லயே பென்சில்ல எழுதியிருக்கு."

"மூலைனா தொண்ணூறுதான் லா. வீடு கட்டினவனுக்குத் தெரியாதா?"

நாற்பத்தைந்தில் வெட்டினார். வாய் திறந்து நின்றது. குனிந்து பார்த்தார், கட்டை விரலால் தட்டிப் பார்த்தார், பசை போட்டு அடைத்துவிட்டால் தெரியாது என்றார். அடுத்த மூலையும் அப்படியே. அதற்கும் பசை. மதியத்துக்குள் வரவேற்பறை ஸ்கர்ட்டிங் முடிந்தது. மூலைக்கு மூலை வெள்ளைப் பசை வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. நான் கூடவே நின்று, எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஆட்டிவிட்டு நாற்பத்தைந்தில் வெட்டினார். அறையில் நான் முடித்து வைத்திருந்த நான்கு மூலையை அன்று அவர் கடைசி வரை வந்து பார்க்கவே இல்லை.

நடுவில் பசை தீர்ந்து, இருவரும் ஜாலான் புசார் கடைக்குப் போனோம். அதே முதலாளி. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து வந்தார். எந்தப் பசை எந்த மரத்துக்கு, எவ்வளவு நேரம் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னார். ரம்பம் என்னுடையது, வீடு என்னுடையது என்று நான் இடையில் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு, பசைக்குழாயை அண்ணனின் கையில் கொடுத்தார்.

பிறகு கார்னிஸ். அது ஸ்கர்ட்டிங் மாதிரி சுவரோடு தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு விளிம்பு சுவரில், இன்னொரு விளிம்பு கூரையில், நடுவில் சாய்ந்து நிற்கும். அதனால் ரம்பத்திலும் அதே சாய்வில்தான் வைக்க வேண்டும், அதுவும் தலைகீழாக. இரும்புத் தடுப்பைச் சுவர் என்றும் ரம்பத்தின் மேசையைக் கூரை என்றும் நினைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தால் இடது வலதாகும், வலது இடதாகும். நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வெட்டித் தள்ளிய துண்டுகளில் பழகியிருந்தேன். எக்ஸ்ரே படத்தில் நோயாளியின் இடது எனக்கு வலது பக்கம்தான் தெரியும். அதனால் இது எனக்கு அவ்வளவு குழப்பமாகப் படவில்லை.

"தலகீழா வைக்கணும் அண்ணே."

"எதுக்கு? பாக்கறப்ப நேராத்தானே இருக்கணும்."

"மேசைதான் கூரைன்னு வச்சிக்குங்க. மேல போற விளிம்பு கீழ வரணும்."

"நீ போய் கோப்பி போடு. நான் பாத்துக்கறேன்."

நான் கோப்பி போடப் போனேன். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. தண்ணீர் கொதிப்பதற்குள் ரம்பம் மூன்று முறை அலறியது. வெளியே வந்து பார்த்தபோது கார்னிஸைத் தட்டையாக மேசையில் படுக்க வைத்து வெட்டியிருந்தார். ஏணியில் ஏறி வைத்துப் பார்த்தார். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. அதைச் சரிசெய்கிறேன் என்று மறுபடி வெட்டினார். வரவேற்பறையின் நீண்ட சுவருக்கென்று இருந்தது ஒரே ஒரு முழுநீளப் பட்டை. வெட்டி வெட்டி அது நாலு விரற்கடை குட்டையாகிவிட்டது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண், தோளில் கைக்குழந்தையோடு நின்றார். ஐந்து மணி தாண்டிவிட்டது, குழந்தை இப்போதுதான் தூங்கியது என்று மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் உள்ளிருந்தபடியே இன்னும் ஒரே ஒரு வெட்டு என்று சத்தமாக ஆங்கிலத்தில் சொல்லி, ரம்பத்தை இறக்கிவிட்டார். குழந்தை அழுதது. நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். போய் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"அளந்துதான் வெட்டினீங்களா அண்ணே?"

"அளக்காம வெட்டுவனா? உன் டேப் சரியில்ல."

"அதே டேப்லதான் நான் ரூமுக்கு வெட்டினேன்."

"ரூம் சின்னது. அதுல தப்பு தெரியாது லா."

"இந்த டிசைன் இப்ப வர்றதில்ல. இன்னொன்னு வாங்கவே முடியாது. கான்ட்ராக்டர் கடைசியா இருந்ததக் கொண்டுவந்து போட்டுட்டுப் போயிருக்காரு."

"ஒரு கட்டைக்கு இவ்ளோ பேச்சா? எல்லாரோடயும் இருந்திருந்தா இந்தத் தலவலி எதுக்கு? யாரு உன்ன போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் போனேன்."

"அதான் சொல்றேன். கோயிலுக்குப் போனா என்னத்தான் கேக்கறாங்க, தங்கச்சிய வெளிய அனுப்பிட்டியான்னு. உன்ன யாரு கேக்கறா?"

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த பட்டையைப் பார்த்துச் சொன்னார். இத்தனை நாளாக இது அவர் மனதில் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

"அதுக்கும் இந்தக் கட்டைக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கருவிப்பெட்டியை மூடினார். கோப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மாவின் அழைப்பு வந்தது.

"அவன் முகமே சரியில்ல. ஒரு போன் பண்ணி ஸாரி சொல்லிடு."

"நான் எதுக்கும்மா சொல்லணும்?"

"லீவு நாள்ல வந்து உனக்காக நின்னான்ல?"

"வந்து இருந்த ஒரே நீளப் பட்டையையும் வெட்டிப் போட்டுட்டுப் போயிருக்காரு. பக்கத்து வீட்டுப் பிள்ளைய வேற எழுப்பி விட்டாரு. அந்த வீட்டுக்கும் நான்தான் போய் ஸாரி சொல்லணும்."

"அண்ணன்கிட்ட கணக்குப் பாப்பாங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்கு மட்டும் ஒரு டப்பா முறுக்கோடு போய் வந்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, எப்போது முடியும் என்று கேட்டார்.

அடுத்த விடுப்பு நாளில் நான் தனியாக கார்னிஸை எடுத்தேன். இனி என் முறைப்படி செய்தால் எல்லாம் சரியாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பட்டையின் பின்புறமும் பென்சிலில் கூரை, சுவர், இடது, வலது என்று எழுதினேன். தலைகீழாக வைத்தேன். மெதுவாக இறக்கினேன். மூலைக்குக் கொண்டுபோய் வைத்தால் அடியில் சேர்ந்து மேலே பிளந்து நின்றது. மறுபடி வெட்டினேன். இந்த முறை மேலே சேர்ந்து அடியில் பிளந்தது. கோணம் சரி, பக்கம் சரி, ஆனால் சேரவில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் கையிலிருந்த துண்டைச் சமையலறைப் பக்கம் வீசி எறிந்தேன். அது குளிர்பதனப் பெட்டியில் பட்டு, அதில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. அண்ணனைத் திட்டினேன், கான்ட்ராக்டரைத் திட்டினேன், கார்னிஸ் வேண்டும் என்று ஆசைப்பட்ட என்னையும் திட்டிக்கொண்டேன். அன்றைக்கு முழு நாளும் வேலை செய்து முடிவில் எனக்கு மிஞ்சியது முன்பைவிடக் குட்டையான பட்டைகள்.

இரண்டு நாள் கழித்து, வேலையிடத்தில் ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் படம் எடுக்கும்போது, அவர் கை தட்டில் வழுக்காமலிருக்க ஒரு நுரைக்கட்டையை அண்டை கொடுத்தேன். தினமும் செய்கிறதுதான். அப்போதுதான் என் வீட்டு ரம்பத்தில் அப்படி ஒன்றை வைக்கவே இல்லை என்று உறைத்தது. கையால் பிடித்திருந்த கார்னிஸ், ரம்பம் தொட்டதும் கொஞ்சம் வழுக்கி, சாய்வு மாறியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஸ்கர்ட்டிங் துண்டு ஒன்றை மேசையில் குறுக்காகப் பிணைத்து, கார்னிஸின் விளிம்பு அதில் முட்டி நிற்கும்படி செய்தேன். அடுத்த விடுப்பில் வெட்டியபோது முதல் மூலை சேர்ந்தது. முழுதாகச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது, ஒரு மயிரிழை தெரிந்தது. அது போதும் என்று பட்டது. நீண்ட சுவருக்கு, குட்டையாகிப்போன பட்டையோடு இன்னொரு துண்டைச் சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன்.

வெட்டுவதைத் தனியாகச் செய்துவிடலாம். கூரையில் ஏற்றுவது முடியாது. பசை போட்டு, ஒரு முனையை ஏணியில் நின்று அழுத்திக்கொண்டிருந்தால் மறுமுனை தொங்கி விழுகிறது. நாற்காலி மேல் நாற்காலி வைத்துப் பார்த்தேன். விழுந்து பட்டையின் ஓரம் நசுங்கியது. இரண்டு பேர் வேண்டும். வேலையிடத்துத் தோழி ஒருத்தியைக் கேட்டேன், அவளுக்கு அந்த நாளில் வேலை. அண்ணனைக் கூப்பிட மாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். கடைசியில் வந்தவர் அம்மாதான். நான் கூப்பிடவில்லை. சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்து, இதைச் சாக்காக வைத்து என்னை அண்ணனுக்குப் போன் பண்ண வைக்கலாம் என்று வந்திருந்தார்.

வாசலைத் தாண்டியதும், "என்ன இது, வீடு முழுக்க மாவு?" என்றார்.

"மரத்தூள்மா. நல்ல வேளை வந்தீங்க. இந்தக் குச்சியப் பிடிங்க."

தரை துடைக்கிற மாப்பின் கைப்பிடியில் பழைய துண்டைச் சுற்றி வைத்திருந்தேன். அம்மா தரையில் நின்றபடி அதை நிமிர்த்திப் பட்டையின் மறுமுனையைக் கூரையோடு முட்டுக் கொடுத்துக்கொண்டார். நான் ஏணியில் நின்று என் முனையை அழுத்தினேன். பசை இறுகும்வரை இருவரும் அசையக் கூடாது.

அசையாமல் நிற்கும்போது அம்மாவால் பேசாமல் இருக்க முடியாது.

"அங்க உனக்கு என்ன குறை வச்சோம்?"

"குறை ஒன்னும் இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

"கதவச் சாத்திக்கிட்டு உக்கார எனக்கு ஒரு ரூம் இல்ல. அவ்ளோதான்."

அம்மா நிமிர்ந்து குச்சியின் முனையைப் பார்த்தார்.

"எனக்கும்தான் இல்ல," என்றார்.

உண்மைதான். அப்பா போன பிறகு, அண்ணனுக்குக் கல்யாணமான பிறகு, அம்மா வரவேற்பறையில் மடக்குக் கட்டிலில்தான் படுக்கிறார். எல்லோரும் தொலைக்காட்சி பார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். நான் அதே வீட்டில் இருந்தவள், தினமும் அந்தக் கட்டிலைத் தாண்டிக் குளியலறைக்குப் போனவள். ஏணியில் நின்றுகொண்டு அவருடைய தலை வகிட்டைப் பார்த்தேன்.

"கை வலிக்குது," என்றார் அம்மா. "விட்டா விழுமா?"

"விழும். இன்னும் கொஞ்ச நேரம்மா."

"உன் அண்ணன் பேச்சக் கேட்டு அன்னிக்கே பசையப் போட்டு ஒட்டியிருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மறுபடி எரிச்சல் வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, தலைகீழ், இடது, வலது. அம்மா கேட்டுக்கொண்டே முட்டுக் கொடுத்தார். அன்று மாலைக்குள் வரவேற்பறையின் நான்கு பக்கமும் ஏறிவிட்டன. அம்மா நிமிர்ந்து சுற்றிப் பார்த்து, "ஒட்டுப் போட்டது தெரியுது," என்றார். வர்ணம் அடித்தால் தெரியாது என்றேன். போகும்போது, "போன் பண்ணு," என்று சொல்லிவிட்டுத்தான் லிஃப்டுக்குள் நுழைந்தார். நான் பண்ணவில்லை.

பால் காய்ச்சும் அன்று அண்ணன் குடும்பத்தோடு வந்தார். பாத்திரம் தூக்கினார், நாற்காலி போட்டார், என்னோடு மட்டும் தேவைக்கு மேல் பேசவில்லை. உறவில் ஒரு சித்தப்பா, கப்பில் பாயசத்தோடு நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா முடிச்சிருக்கீங்களே. யாரு வேலை?" என்று அண்ணனைத்தான் கேட்டார்.

"தங்கச்சியும் நானும் சேந்து போட்டோம்," என்றார் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் தட்டோடு நின்றிருந்தேன். விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை.

"அண்ணன் கீழ போட்டாரு சித்தப்பா. மேல போட்டது நானும் அம்மாவும்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா சிரித்துவிட்டு மறுபடி அண்ணனிடமே, அந்த மூலையை எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அவளக் கேளுங்க. எனக்கு அது வரல," என்றார்.

சொல்லிவிட்டுக் காலிக் கப்புகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அது கோபமா, மனமாரச் சொன்னதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சித்தப்பா என்னிடம் மூலையைப் பற்றிக் கேட்கவில்லை. "வீடு ஆச்சு, அடுத்தது எப்ப?" என்று கேட்டார்.

சில வாரங்கள் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தோ பாயோ வீட்டு வரவேற்பறையில் ஓர் ஓரத்தைப் பலகையால் அடைத்து அம்மாவுக்கு ஒரு சின்ன அறை கட்டுகிறார்கள், அம்மாவே கேட்டாராம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. செய்தியின் கடைசியில், 'உன் சா ரெண்டு நாள் வேணும், ஸ்கர்ட்டிங் போடணும்' என்று இருந்தது. ரம்பம் வேண்டும், நான் வேண்டாம். அதை இரண்டு முறை படித்தேன். பிறகு, 'சா வந்தா நானும் வருவேன்' என்று எழுதினேன். மதியம் வரை பதில் இல்லை. அதன் பிறகு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

சனிக்கிழமை டாக்சியில் ரம்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணன் கீழே வந்து தூக்கிக்கொண்டு போனார். வாசலுக்கு வெளியே வைத்து, ரம்பத்தின் முன்னால் நான் உட்கார்ந்தேன். அவர் மறுமுனையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், போதும் போதும், மெதுவா, கையப் பாத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதுக்கு அடைப்பு போட்டுக்கொண்டேன். அதற்கும் மேலே அவர் குரல் கேட்டது. புதுப் பலகைச் சுவர் நேராக இருந்தது, பழைய சுவர்தான் வளைந்திருந்தது. அளந்து சொன்னேன். ஒரு தடவை மட்டும், "அவ்ளோவா இருக்கும்?" என்று அவரும் டேப்பை வைத்துப் பார்த்தார். பிறகு அவரே வந்து நான் சொன்ன எண்ணுக்கு மேசையைத் திருப்பினார்.

நான்கு மூலையில் மூன்று சேர்ந்தன. நான்காவதை இரண்டு தடவை வெட்டியும் சேரவில்லை. மூன்றாவது தடவைக்குப் பட்டை இல்லை. அண்ணன் பசைக்குழாயை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் அதைப் பற்றி வாக்குவாதம் செய்தோம். கடைசியில் அம்மா உள்ளே வந்து, அந்த மூலையில்தான் தன் துணி அலமாரி வரப்போகிறது, இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு அதை நகர்த்துங்கள் என்றார். அலமாரி கனமாக இருந்தது. அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தள்ளினோம்.